ஆறாவது பெயர்

நவம்பர் 1, வெள்ளி

காலையில் தூறல். எட்டு மணிக்கு விட்டது. புதுச்சேரி விடுதலை நாள் விடுமுறை. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டு ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டார்கள். பதினொன்றரை வரை தலைவலி.

சகல புனிதர் திருநாள் பூசை ஆறரைக்கு. புதுச் சாமியாரின் பிரசங்கம் இருபது நிமிடம். விஷயம் ஐந்து நிமிடத்துக்குத்தான் இருந்தது.

பிறகு இவர் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை. ஆள் வரவில்லை. செலினும் நானும் போனோம். செலின் இவருடைய தங்கை, பக்கத்து வீடு, எனக்கு எட்டு வயது இளையவள். சுண்ணாம்பில் நீலம் அதிகம் கலந்துவிட்டாள். சொன்னேன்.

"எங்கண்ணன் செத்தும் ஒங்ககிட்ட தப்பிக்க முடியல அண்ணி. சுண்ணாம்பு கூட ஒங்க இஷ்டத்துக்குத்தான் பூசிக்கணும் போல."

சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டும். ஒன்பது மாதமாக முகம் சொன்னபடி கேட்பதில்லை.

மத்தியானம் நாளைய பட்டியல். போன கல்லறைத் திருநாளுக்குப் பிறகு இறந்த பங்கு மக்கள், பதினொரு பேர். உபதேசியார் சின்னப்பன் கொடுத்த தாளில் முன்பின் ஒழுங்கில்லை. இறந்த தேதி வரிசையில் நானே மாற்றி எழுதினேன். கோடு போட்ட தாள், கறுப்பு மை. ஆறாவது இவர்.

முறை எனக்கு மனப்பாடம். கோயிலில் முப்பத்திரண்டு வருடமாக நான்தான் வாசகம் வாசிக்கிறேன். ஒரு பெயரை வாசித்து நிறுத்த வேண்டும். அந்த வீட்டார் ஒருவர் முன்னால் வந்து, பெரிய மெழுகுத்திரியிலிருந்து தம்முடையதை ஏற்றிக்கொள்வார். "நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று எல்லாரும் சொல்வார்கள். பிறகு அடுத்த பெயர். நான் வாசிப்பதால் இவருக்குச் செலின் ஏற்றுவாள்.

சாயங்காலம் அடுப்படியில் ஒத்திகை. சத்தமாக, இரண்டு தடவை. பிழையில்லை.

இரவு 7.45 மாடிக்கு. பதினேழு படி. எட்டாவதில் ஒரு நிமிடம் நின்றேன். கிழக்கே மேகம் கிழிந்த இடத்தில் கார்த்திகைக் கூட்டம். ஐந்து எண்ணினேன். முன்பு ஆறு தெரியும்.

நவம்பர் 2, சனி

மழை இல்லை. காற்று. கல்லறைத் தோட்டத்தில் மாலை ஐந்துக்குப் பூசை. சம்மங்கி வாங்கினேன், பாதி வாடல்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐந்தாவது பெயரை வாசித்தேன். நிறுத்தினேன். ஏற்றினார்கள், மறுமொழி சொன்னார்கள். ஏழாவதை வாசித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது செலின் முன்னால் வந்து நின்றிருந்தாள், கையில் ஏற்றாத மெழுகுவத்தியோடு. ஏழாவது வீட்டுப் பெண் அவளைச் சுற்றிக்கொண்டு போய் ஏற்றினாள்.

திரும்பிப் போய் வாசித்திருக்கலாம். தாளில் இருந்தது. என் கையெழுத்து. வாயைத் திறந்தேன், எட்டாவது வந்தது. பிறகு ஒன்பது. செலின் நகரவில்லை. பதினொன்று முடியும் வரை அங்கேயே நின்றாள். பத்துச் சுடர். அவள் கையில் மட்டும் வெள்ளைத் திரி.

பூசை முடிந்ததும், அத்தனை பேர் நடுவில்:

"எங்கண்ணன் இன்னா பாவம் பண்ணாரு அண்ணி? ஊருக்கெல்லாம் வெளக்கு, அவருக்கு மட்டும் இல்லியா?"

மெழுகுவத்தியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். சாமியார் வந்தார். கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது, ஒரு வரி தப்பிவிட்டது என்றேன். பாவம், நம்பினார்.

கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நேற்றைய ஒத்திகையில் ஆறாவது வந்தபோது விரலால் தாளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏழுக்குப் போயிருக்கிறேன். இரண்டு தடவையும். தட்டியதையே வாசித்ததாக நினைத்திருக்கிறேன்.

சவரிமுத்து. இதோ, எழுத வருகிறது. ரேஷன் அட்டை, வங்கி, இறப்புச் சான்றிதழ் விண்ணப்பம் என்று எத்தனையோ இடத்தில் எழுதியாயிற்று. வாயால் சொன்னதில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு தேயும் என்று வந்த அன்றே மாமியார் சொன்னார்கள். கன்னிமடத்தில் படித்தவள் நான், நம்பவில்லை. நம்பாமலேயே ஐம்பத்தொரு வருடம் அப்படியே இருந்தேன். "ஏங்க." "ஜூலி அப்பா." ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டால் அட்டையை நீட்டுவேன். இப்போது தேய்வதற்கு ஆயுசும் இல்லை. நாக்குக்கு அது தெரியவில்லை.

சாப்பிடவில்லை. பசிக்கவும் இல்லை. ஏழரைக்கு ஏறினேன். காற்று மேகத்தை எல்லாம் துடைத்திருந்தது. நிலா இல்லை. தெருவிளக்கை முதுகுக்குப் பின்னால் வைத்து, ஏரிப் பக்கம் பார்த்து நாற்பது நிமிடம் நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மேலே இருப்பவை ஒன்றும் கேட்கவில்லை. அது போதுமாக இருந்தது.

நவம்பர் 3, ஞாயிறு

பூசைக்குப் போனேன். போகாமல் இருந்தால் வேறு பேச்சு வரும். கடைசி பெஞ்சு. சின்னப்பனின் மருமகள் ஜெசிந்தா வாசகம் வாசித்தாள். காற்புள்ளி எதையும் மதிக்கவில்லை.

வெளியே மாதா சிலை இருக்கும் கெபி பக்கத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். நான் நிற்பது தெரியாமல் இரண்டு பெண்கள்:

"அந்தம்மா வேணும்னேதான் வுட்டுச்சா?"

"சேச்சே, அதுக்கு இப்ப கண்ணு சரியா தெர்லயாம்டி."

"தெர்லயா? போன வாரம் எம் பொடவைல மஞ்சக்கறை இருக்குதுன்னு அந்தக் கடைசிலேர்ந்து பாத்து சொல்லுச்சே!"

செருப்பு கிடைத்தது. இருமிவிட்டு நடந்தேன்.

ஜூலி சென்னையிலிருந்து பேசினாள். என் மகள். யாரோ அதற்குள் சொல்லிவிட்டார்கள். "மம்மி, கேட்ராக்டா இருக்கும். டவுன்ல டாக்டர்கிட்ட புதன்கிழமைக்கு டைம் வாங்கியாச்சு. போறீங்க, அவ்ளோதான்." சரி என்றேன். ஒரு பொய் சொன்னால் அதற்குப் பேருந்து ஏறிப் போகவும் வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுவருக்கு மேலே ஒரு கிண்ணம் வரும். எவர்சில்வர், அடியில் இவர் பெயர் வெட்டியது, செலினுக்கு இவர் வாங்கித் தந்தது. மீன் குழம்பு, அல்லது கறி. இன்று வரவில்லை. மோர் விட்டுச் சாப்பிட்டேன்.

வானம்: மூட்டம்.

நவம்பர் 4, திங்கள்

வாங்க வேண்டியவை: துவரம்பருப்பு அரை கிலோ, தீப்பெட்டி, மூட்டுவலித் தைலம், ஊதா மை.

காலையில் கதவைத் திறந்தால் ஜன்னல் கட்டையில் அந்த மெழுகுவத்தி. ஒரு வார்த்தை இல்லை, தாள் இல்லை. திரி வெள்ளையாகவே இருக்கிறது. உள்ளே எடுத்துவந்தேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இவர் படத்துக்கு முன்னால் வைத்தால் ஏற்ற வேண்டும். ஏற்றினால் பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டும். கரண்டிகளோடு வைத்தேன்.

குழாயடியில் செலின். குடத்தை என் குடத்துக்குப் பின்னால் வைக்காமல் இரண்டு பேருக்குப் பின்னால் வைத்தாள். நான் கேட்க வேண்டும் என்றே, அடுத்தவளிடம்:

"கண்ணாடியாம் கண்ணாடி. அரிசில கல்லு பொறுக்கறப்போ மட்டும் நல்லா தெரியுது."

சொல்ல இருந்தது ஒன்றுதான். அதைக் குழாயடியில் சொல்ல மாட்டேன்.

ஆறரைக்கு மேற்கே மெல்லிய பிறை, கரும்புக் கொல்லைக்கு ஒரு முழம் மேலே. பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டது.

நவம்பர் 6, புதன்

கிருமாம்பாக்கம் போய் டவுன் பேருந்து. முதியோர் இருக்கையில் ஒருவன் கால்மேல் கால். எழுந்திரு என்று சொல்லவில்லை, பார்த்தேன். எழுந்தான்.

கண் டாக்டர், சின்னப் பெண். பலகையில் கடைசி வரி வரை வாசித்தேன். அதற்குக் கீழே அச்சகத்தின் பெயர் பொடியாக இருந்தது, அதையும்.

"லேசா புரை இருக்கும்மா, இந்த வயசுக்கு அது ஒண்ணுமே இல்ல. கண்ணு சூப்பர். எதுக்கு வந்தீங்க?"

தெரியவில்லை என்றேன். வெகு நாளைக்குப் பிறகு சொன்ன உண்மை.

சாயங்காலம் உபதேசியார் வந்தார். வருகிற ஞாயிறு பூசையை இவருக்காக ஒப்புக்கொடுக்கச் செலின் கேட்டிருக்கிறாள். தொடக்கத்தில் பெயர் வாசிப்பார்கள், அவள் மெழுகுவத்தி ஏற்றுவாள். விட்டுப்போனதற்குப் பதில்.

"நீங்க சிரமப்பட வேணாம்மா. ஜெசிந்தா படிச்சிடும்."

"ஏன்?"

"இல்ல, கண்ணு..."

"கண்ணு நல்லா இருக்குன்னு டாக்டர் எழுதியே குடுத்திருக்காங்க. பாக்கறீங்களா?"

சீட்டைக் காட்டினேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"இவருக்கு நான்தான் வாசிப்பேன். இந்தக் கோயில்ல வேற யாரும் வாசிக்க மாட்டாங்க."

அவர் போன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. இந்த முறையும் விட்டுப்போனால், கண்ணாடி என்று சொல்ல முடியாது. சீட்டு இருக்கிறது. வேண்டுமென்றே விட்டாள் என்று ஆகிவிடும். செலினுக்கு அதற்கு மேல் முகம் காட்ட முடியாது. அவள் முகம் பாதி இவர் முகம். மூக்கும் நெற்றியும்.

நவம்பர் 7, வியாழன்

நாள் முழுக்க மழை. அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை. "சகோதரர்" வரை வருகிறது. பிறகு காற்று. முதல் எழுத்து மட்டும் ஒரு தடவை வந்தது. பால் பொங்கியது, அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். பயனில்லை. கண்ணாடியில் ஒரு கிழவி வாயைத் திறந்து மூடினாள்.

முருங்கைக் கிளை ஒன்று ஒடிந்தது. வானம் என்று ஒன்று இன்று இல்லை.

நவம்பர் 8, வெள்ளி

மழை. துணி காயவில்லை. எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 9, சனி

மத்தியானம் வெயில், நான்கு மணிக்கு இடி, ஒரு அடைமழை, ஆறுக்கு விட்டது. 7.10க்கு மின்சாரம் போயிற்று. எங்கள் தெரு மட்டும் இல்லை. ஏரிக்கரை, ரோட்டுப் பக்கம், எல்லாம்.

கைவிளக்கோடு ஏறினேன். மேலே போனதும் அணைத்தேன்.

அரை நிலா இருந்தது, ஆனாலும் அத்தனையும் வெளியே வந்திருந்தன. கிழக்கே கார்த்திகை. கழுவி வைத்த மாதிரி. கீழே சிவப்பாக ரோகிணி எழும்பிக்கொண்டிருந்தது.

இவர் லைன்மேன். முப்பத்தாறு வருடம். மழைக்கால ராத்திரியில் விளக்குப் போனால் சைக்கிள் எடுத்துக்கொண்டு போய்விடுவார், இடுப்பில் கயிறு. நான் இங்கே நிற்பேன். அப்போது சுவர் இல்லை, வெறும் தளம். கீழே எதுவும் தெரியாது. எந்தக் கம்பத்தில் இருக்கிறார், தெரியாது. அதனால் மேலே பார்ப்பேன். கன்னிமடத்தில் மதர் சொல்லித்தந்தவை பிரெஞ்சுப் பெயர்கள், மறந்துவிட்டன. தமிழ்ப் பெயர்களை இவரே சொன்னார், கூட வேலை பார்த்த ஒருவரிடம் கற்றுக்கொண்டு. கார்த்திகை, ரோகிணி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு நிற்பேன். ஒவ்வொன்றாக எழும்பும். பிறகு முதலில் ரோட்டுப் பக்கம் விளக்கு வரும், பிறகு மேலத்தெரு, பிறகு நாங்கள். விளக்கு வந்ததும் நட்சத்திரம் பாதி போய்விடும். இவர் பத்திரம் என்று அர்த்தம். உடனே இறங்கி வெந்நீர் போடுவேன். கால்மணி நேரத்தில் சைக்கிள் மணி.

இருட்டில் பக்கத்து மாடியில் ஏதோ அசைந்தது.

"யாரு?"

"நான்தான்." செலின். ஈரத் துணியை எடுக்க வந்திருக்கிறாள். துணி உதறும் சத்தம்.

"நாளைக்கி நீங்கதான் படிக்கறீங்களாமே."

"ஆமா."

"இன்னொரு தபா மெழுகுவத்திய புடிச்சிக்கினு நிக்க என்னால முடியாது அண்ணி. சொல்லிட்டேன்."

இருட்டாக இருந்ததால் சொல்ல முடிந்தது. "கண்ணாடி இல்ல, செலின். பேரு வாயில வரல்ல."

"இன்னாது?"

"சொல்லிப் பழக்கமில்ல. ஒத்திகையிலயே விட்டிருக்கேன். எனக்கே தெரியல."

துணி உதறுவது நின்றது. கோபப்படுவாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாளா, மூக்கைச் சிந்துகிறாளா என்று முகம் தெரியாமல் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அட மாதாவே! நானு இன்னான்னாவோ நெனச்சிக்கினு... ஏன் அண்ணி, கோயில்ல சொன்னீங்களே, கல்யாணத்தன்னிக்கி? நானு பூக்கூடைய வச்சிக்கினு பக்கத்துலதான நின்னேன். ரெண்டு தபா சொன்னீங்க. மொத தபா ஒங்களுக்கே கேட்டிருக்காது. 'கேக்கல, சத்தமா சொல்லு'ன்னு பழைய சாமியார் அதட்டுனாரு. எங்கண்ணன் சிரிப்ப அடக்கிக்கினு நின்னாரு."

மறந்தே போயிருந்தேன். ஆமாம். பெயரைச் சொல்லித்தான் கணவராக ஏற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு தடவை.

"அது கல்யாணம்," என்றேன்.

"அப்ப இது இன்னாவாம்?"

அப்போதுதான் ரோட்டுப் பக்கம் விளக்கு வந்தது. பிறகு மேலத்தெரு. தெருவில் பிள்ளைகள் "ஏஏய்" என்று கத்தினார்கள். எங்கள் தெருவும் வந்தது.

நான் மூன்று படி இறங்கியிருந்தேன். நான்காவதில் காலை வைத்தபோதுதான் எதற்கு இறங்குகிறேன் என்று தெரிந்தது. அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று எழுத முடியவில்லை, கைக்கடிகாரம் கட்டவில்லை.

சுவருக்கு மேலே செலினின் தலை.

"வெந்நியா அண்ணி?"

தலையாட்டினேன்.

"போய் படுங்கோ. காலைல கூட்டிக்கினு போறேன்."

நவம்பர் 10, ஞாயிறு

நாலரைக்கே விழிப்பு. தூக்கம் இனி வராது என்று தெரிந்ததும் ஏறினேன். நிலா போய்விட்டது. பனி. ஊரில் ஒரு சத்தமும் இல்லை, தூரத்தில் கடலூர் ரோட்டில் ஒரு லாரி.

வாசிக்கிற குரலில், ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, மேற்கிலிருந்து தொடங்கினேன். கார்த்திகை. ரோகிணி. மிருகசீரிடம். திருவாதிரை. புனர்பூசம். தலைக்கு நேரே வந்துவிட்டேன். ஆறாவது பூசம். வெறும் புகை மாதிரி இருக்கும், என் கண்ணுக்கு இப்போது எட்டாது. அந்த இடம் காலியாக இருந்தது. அங்கே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

சவரிமுத்து.

ஒன்றும் நடக்கவில்லை. எதிர்வீட்டு நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்தது. நெஞ்சில் எதுவும் உடையவில்லை, இறங்கவும் இல்லை. நாக்கு மட்டும் கொஞ்சம் வறண்டிருந்தது. இறங்கிக் குளித்தேன். சாம்பல் நிறப் புடவை. மெழுகுவத்தியைக் கரண்டிகளிலிருந்து எடுத்துச் செலினிடம் கொடுத்தேன். எண்ணெய் வாடை அடிக்கிறது என்றாள்.

பூசை ஆறரை. மறுபடி மின்சாரம் இல்லை. மைக் இல்லை. வாசக மேடையில் நின்றேன். கையில் தாள், ஒரே ஒரு வரி. செலின் முதல் வரிசைக்கும் முன்னால், கைக்கெட்டும் தூரத்தில்.

"சகோதரர் சவரிமுத்து."

வந்தது. அவள் நகரவில்லை. மெழுகுவத்தியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"கேக்கல, அண்ணி."

அவளுக்குக் கேட்காமல் இருக்க வழியே இல்லை.

மறுபடி சொன்னேன். கடைசி பெஞ்சையும் தாண்டி, கதவையும் தாண்டிப் போயிற்று. சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். செலின் ஏற்றினாள். இரண்டாவது முயற்சியில்தான் பிடித்தது. எல்லாரும் மறுமொழி சொன்னார்கள். ஜெசிந்தா மட்டும் அரை விநாடி முந்தினாள்.

மாடியில் சொன்னதைச் சேர்க்காமல், கோயிலில் மட்டும், அன்று இரண்டு, இன்று இரண்டு.

மத்தியானம் சுவருக்கு மேலே கிண்ணம். கருவாட்டுக் குழம்பு. உப்பு ஜாஸ்தி. நாளை சொல்ல வேண்டும்.

இரவு மூட்டம். ஒரு நட்சத்திரமும் இல்லை. ஏறினேன்.